மிக்கேலை அடித்துவிட்டு எழுதுகிறேன்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பக்கத்து வீட்டு வளைகாப்பில் யாருக்கும் தெரியாமல் தின்ற ரெண்டு லட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "ம்... ம்..." என்று வேலை பார்த்துக்கொண்டே கேட்பாய். எழுதி அனுப்பினால் ரெண்டு தடவையாவது படிப்பாய் என்று ஒரு நப்பாசை.

நேற்று ராத்திரி வைட்ரன் ஊர்ச் சத்திரத்தில் பாட்டுக்காரன் மிக்கேலை அடித்துப் போட்டுவிட்டேன்.

சிரிக்காதே. நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் தூசி பிடித்துக் கிடந்தது. ரிட்டயர் ஆனபிறகு சீரியலும் அலுத்துப்போயிற்று. அதில் நீ ஏற்றி வைத்திருந்த ஸ்கைரிம் ஆட்டத்தை உன் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிக்கொடுத்தாள். முதல் ரெண்டு வாரம் சுவரில் முட்டிக்கொண்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டுமே நடந்தேன். இப்போது வில்லெடுத்தால் மான் விழுகிறது. 2011-இல் வந்த ஆட்டமாமே, எனக்கு அது நேற்று வந்தது மாதிரிதான்.

அந்த ஊர்ச் சந்தையில் கார்லோட்டா என்று ஒருத்தி காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். மிலா என்று சின்ன மகள். பேச்சுக் கொடுத்தால் தன் கஷ்டத்தைச் சொல்கிறாள்: ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் கல்யாணம் பண்ணிக்கொள் என்று நச்சரிக்கிறார்கள், அதிலும் அந்தப் பாட்டுக்காரன் மோசம் என்று. சத்திரத்துக்குப் போனால் மிக்கேல், முரட்டு மிருகத்தை அடக்குவது மாதிரி அவளை அடக்கிக் காட்டுவேன் என்று பீற்றிக்கொள்கிறான். ஊர்ப் பெண்களைப் பற்றி அவன் ஒரு கையேடே எழுதியிருக்கிறான், அதையும் படித்தேன். நயமாகப் பேசியும் பார்க்கலாம் அவனிடம். நான் பேசவில்லை. ஆயுதம் எடுக்காமல் கையாலேயே சண்டை. உன் தங்கச்சி பின்னால் நின்று "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினாள். தோற்றதும் இனி அவள் பக்கம் போகமாட்டேன் என்றான். கார்லோட்டா கொஞ்சம் தங்கக் காசு கொடுத்தாள். மிக்கேல் பழையபடி பாட ஆரம்பித்துவிட்டான்.

படுத்தபிறகு பொங்கலுக்கு நீ வந்திருந்தது ஞாபகம் வந்தது. தூக்கம் வரவில்லை, எழுந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ விட்சர் 3 என்ற ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தாய். சுக்குக் காப்பியோடு பின்னால் நின்றேன். அதில் சிரி (Ciri) என்ற வெள்ளை முடிப் பெண், மின்னல் மாதிரி இங்கே மறைந்து அங்கே தோன்றி வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த ரவுடி ஒருவன் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தினான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். ஸ்பீக்கரில் உன் நண்பன் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு, சிரியைப் பற்றி இன்னொன்று சொன்னான். நீங்கள் நாலுபேரும் சிரித்தீர்கள். மூலையில் உட்கார்ந்திருந்த உன் தங்கச்சி எழுந்து போனாள். துணி காயப்போட என்று சொன்னாள், அன்றைக்கு நாங்கள் துணியே துவைக்கவில்லை.

நான் கேட்டதற்கு, "அந்த உலகம் அப்படித்தாம்மா, ரியலிசம்" என்றாய்.

அதை நான் ஒதுக்கிவிடவில்லை, யோசித்துத்தான் பார்த்தேன். 2015-இல் அந்த ஆட்டம் வந்தபோதே விளையாடுகிறவர்கள் இதைப் பேசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு சாரார் உன்னைப் போல: அழுக்கும் போரும் நிறைந்த உலகம், எல்லாரையும்தான் ஏசுகிறார்கள், கதாநாயகன் கெரால்ட்டையே விகாரப் பிறவி என்கிறார்களே என்று. நியாயம்தான். ஆனால் கெரால்ட்டை ஏசுகிற ஊர், பிசாசு வந்ததும் அவனிடமே வந்து கூலி பேசுகிறது. அவனை ஏசுவதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிரியை ஏசுவதற்கு அவள் பெண் என்பது போதும். கழுகுத் தலையும் சிங்க உடலுமாகப் பறக்கிற மிருகத்தை நம்பச் சொல்கிறவர்கள், இந்த ஒரு இடத்தில் மட்டும் சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் எனக்கு வேடிக்கை.

பெண்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஏசினவனை அடுத்த நொடி வெட்டுவதில்தான் திருப்தி என்கிறவர்கள் இருக்கிறார்கள். மிக்கேலுக்கப்புறம் அவர்களை எனக்குப் புரிகிறது. பகலெல்லாம் பஸ்ஸிலும் ஆபீசிலும் கேட்டதை வீட்டுக்கு வந்து காசு கொடுத்து வேறு கேட்கணுமா என்கிறவர்களும் இருக்கிறார்கள். உன் தங்கச்சி ரெண்டாவது கட்சி.

ஏச்சை எடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் என்று 2009-இல் வந்த ஆட்டத்தைப் போன மாதம் முடித்தேன். அதில் ஸ்டென் என்று ஒரு போர்வீரன் நம் கூட வருகிறான். நாம் பெண்ணாக விளையாடினால் அவனுக்குக் குழப்பம். பெண் என்றால் கடை வைப்பாள், பயிர் செய்வாள், பூசை செய்வாள், சண்டை போடமாட்டாளே, பிறகு நீ எப்படி என்று கேட்கிறான். கேலியே இல்லை, அவன் ஊரில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நானும் விடாமல் பேசினேன். அந்த முரடனோடு வாதாடிய மாதிரி உன் அப்பாவோடுகூட வாதாடியதில்லை. கடைசியில் என்னை மதிக்க ஆரம்பித்தான். அவன் சொன்னதும் தப்பான பேச்சுதான், ஆனால் பதில் சொல்ல எனக்கு ஒரு வாய் கொடுத்திருந்தார்கள். சிரிக்குக் கத்தியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அவளை ஏசும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. அன்றைக்கு நம் வீட்டு ஹாலிலும் அதேதான்.

கணக்கு எழுதியே காலம் போனவள் என்பதால் இன்னொன்று என் கண்ணில் பட்டது. இந்த ஆட்டங்களுக்கெல்லாம் தாய்வீடு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று நீதான் சொன்னாய். 1978-இல் வந்த அதன் அட்வான்ஸ்டு விதிப்புத்தகத்தில் வீரனின் பலத்துக்கு உச்சம் 18. அந்த 18-க்கு மேலும் நூறு படி உண்டு. மனித இனத்து ஆண் நூறாம் படி வரை ஏறலாம், பெண் ஐம்பதோடு நிற்க வேண்டும். வாயைத் திறந்து யாரும் ஏசவில்லை, அட்டவணையில் போட்டுவிட்டார்கள். அதற்கும் முன்னால், 1976-இல் டிராகன் என்ற அவர்கள் பத்திரிகையில், பெண் பாத்திரத்துக்கு வசீகரத்துக்குப் பதில் 'அழகு' என்று மதிப்பெண் கொடுக்கலாம் என ஒருவர் எழுதியிருக்கிறார். 1980-இல் அதே பத்திரிகையில், அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த ஜீன் வெல்ஸ் என்ற பெண் இன்னொருவரோடு சேர்ந்து, பெண்களுக்கும் சமமாகக் கொடுத்தால் என்ன என்று கட்டுரை எழுதினார். அந்த ஐம்பதாம் படி 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் போயிற்று. பதினோரு வருஷம்! ஸ்கைரிமில் ஆணோ பெண்ணோ எண்கள் ஒன்றுதான். ஆனால் அதே வரிசையில் அதற்கு முன் வந்த ஆப்லிவியன் ஆட்டத்தில்கூட வேறாக இருந்ததாம்.

சரி, மறுபடி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நகைக்கடன் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் ஒருவர் வந்து என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஆம்பளை யாரும் இல்லையா? பொம்பளைகிட்டயா வட்டிக் கணக்கு கேக்கிறது?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். இன்னொருவர் பேரேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். மேனேஜர் எழுந்து வந்து, "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று ரசீதை வாங்கித் தானே கணக்குப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், உதவி என்று நினைத்துத்தான் செய்தார். சிரித்தவரைவிட அவர்மேல்தான் எனக்கு அன்று அதிகம் கோபம் வந்தது. மறுவாரம் அதே ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டார். டீ கொண்டுவந்த பியூன், டம்ளரை வைத்தபடியே, "கணக்கு வேணும்னா அவங்ககிட்டதான் கேக்கணும். இங்க வேற யாருக்கும் சரியா வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் உட்பட எல்லாருக்கும் காதில் விழுந்தது. அதற்கப்புறம் அந்த ஆள் என்னிடம்தான் வருவார்.

மிக்கேலை அடித்தபோது நான் மேனேஜரா, பியூனா? இன்னும் முடிவுக்கு வரவில்லை. கார்லோட்டா தன் கஷ்டத்தைச் சொன்னாளே தவிர, அடி என்று சொல்லவில்லை.

2015-இல் ஹேலோ 3 என்ற சுடுகிற ஆட்டத்தை வைத்து ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கூட ஆடுவது பெண்குரல் என்றால், மோசமாக ஆடித் தோற்கிறவர்கள்தான் அதிகம் ஏசுகிறார்களாம். அதே ஆட்கள் ஆண்குரலிடம் பணிந்து போகிறார்களாம். படித்ததும் எனக்கு அந்த ரவுடிதான் நினைவுக்கு வந்தான், அவனும் சாகப்போகிற நேரத்தில்தானே கத்தினான்! உன் நண்பன் அன்று எத்தனை தடவை செத்தான் என்று உனக்கே தெரியும்.

அப்புறம், 2024 டிசம்பரில் விட்சர் 4-க்கு முன்னோட்டம் வந்ததே, சிரிதான் கதாநாயகி என்று. அவள் முகம் சரியில்லை, பெண்ணை எதற்கு நடுவில் வைத்தார்கள் என்று எத்தனை புலம்பல். கெரால்ட்டுக்குக் குரல் கொடுக்கிறவரே அவள் பக்கம் பேச வேண்டியிருந்தது. அந்த ஆட்டத்தில் அவளுக்கு வாயும் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். வந்ததும் வாங்கிக் கொடு. இந்தக் கம்ப்யூட்டர் தாங்காது என்கிறாள் உன் தங்கச்சி, அதையும் சேர்த்துப் பார்.

அவள் உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்து ஆடுகிறாள் தெரியுமா? மூணு மாசமாக. ஆம்பளைப் பெயர் வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு. போன வாரம் உன்னை இரண்டு தடவை காப்பாற்றிய அந்த வில்லாளி அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்த்தேன்.

இந்தச் சனிக்கிழமை மைக்கைப் போட்டுக்கொண்டு வரப்போகிறாள். உன் நண்பனிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லி வைக்காதே.

நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. மூடியை இறுக்கமாகத்தான் போட்டிருக்கிறேன், ஆனாலும் நிமிர்த்தி வைத்துப் பிரி.

அம்மா