மண்மேட்டில் ஏறிய படகை இறக்கிக் கொடுத்தவர்களுக்கு

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேட்டூர் அணைத் தண்ணீரில் நாகமரைக் கரையிலிருந்து எதிர்க்கரைப் பண்ணவாடிக்குப் போன என் படகு, பாதி தூரம் தாண்டியதும் மண்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பேர், இரண்டு பைக், ஒரு ஆயாவின் மூன்று ஆட்டுக்குட்டிகள். எல்லாரும் நல்லபடியாகக் கரை சேர்ந்தார்கள். இருட்டிவிட்டதால் அன்றைக்கு யாருக்கும் சரியாக நன்றிகூடச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது எங்கே வேண்டுமானாலும் படகை விடலாம். டெல்டாவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் நந்தி சிலையும் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால், 1934-இல் அணை முடிந்தபோது மூழ்கிப்போன நிலத்தின் மேடெல்லாம் மேலாகவே கிடக்கும். அது தெரிந்தும், சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று வழக்கமான வழியை விட்டுக் குறுக்கே திருப்பினேன். ஏறியதும் பதற்றத்தில் மோட்டாரை முறுக்கினேன், படகு இன்னும் ஒரு முழம் மேலே ஏறியது.

முதல் நன்றி பரிசல் மாமாவுக்கு. தூரத்திலிருந்தே "மோட்டார நிறுத்துப்பா, சேத்தை இழுத்துக்கும்!" என்று கத்தினீர்கள். பரிசலுக்கு அரையடித் தண்ணீர் போதும் என்பதால் உங்களால்தான் எங்கள் பக்கத்தில் வர முடிந்தது. வந்தவுடன் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நின்ற இடத்தில் நகத்தால் கீறினீர்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் கீறலுக்குக் கீழே அரை அங்குலம் ஈரமாக இருந்தது. "விடிய விட்டா படகு தரையிலதான் நிக்கும், இப்பவே இழுத்தாகணும்" என்றீர்கள். அந்தக் குச்சியைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிலைமையே புரிந்தது.

அப்புறம், விரித்துக்கொண்டிருந்த வலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த நான்கு மீனவ அண்ணன்மார். பெண்களையும் பிள்ளைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் மூன்று நடையில் பரிசலில் கரைக்குக் கொண்டுபோய்விட்டு, பைக்குகளையும் இறக்கி, முழங்கால் சேற்றில் நின்று படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள். வந்த வழியேதான் போக வேண்டும் என்று கயிற்றைப் பின்பக்கம் கட்டச் சொன்னதும் நீங்கள்தான். முதல் கயிறு அறுந்தது. இரண்டாவதை மடித்து இரட்டையாக முறுக்கிக் கட்டினீர்கள். கறுப்புக் குமிழி கொப்பளித்துக்கொண்டு, சேற்று வாடையோடு அடிப்பலகை விட்டுக்கொடுத்த அந்த நொடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையில் யாரோ பெற்ற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் அம்மா வரும்வரை பொரி ஊட்டிய அக்காவுக்கும், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிய கல்லூரித் தம்பிகள் இரண்டு பேருக்கும், ஒரு வார்த்தைகூடத் திட்டாத என் பயணிகள் எல்லாருக்கும் என் கும்பிடு.

மறுநாள் காலையிலேயே மாமா சொன்னபடி அந்த மேட்டின் இரண்டு முனையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன், படகு ஓட்டுபவர்கள் அதைப் பார்த்து ஒதுங்கிப் போங்கள். அறுந்த கயிறு எந்த அண்ணனுடையது என்று தெரியவில்லை. அதே நீளத்தில் புது நைலான் கயிறு வாங்கி நாகமரைத் துறை டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா.