ஆண்டறிக்கை 2024–2025: குசினிக் கூரையும் அதற்கேற்ற பசையும்

அன்பார்ந்த அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

இலண்டனில் உள்ள எமது மண்டபத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் தைப்பொங்கல், நவராத்திரி விழாக்களும் வழமைபோல் நடைபெற்றன. உழைத்த அனைவருக்கும் நன்றி. இவ்வாண்டு சங்கத்தின் பணமும் நேரமும் அதிகம் சென்றது குசினிக்கு மேலுள்ள தட்டைக் கூரைக்கே என்பதால், அதைச் சற்று விரிவாகப் பதிகிறேன்.

குளிர்காலக் காற்றில் ஈ.பி.டி.எம். றப்பர் விரிப்பு ஓரத்திலிருந்து கிளம்பியது. விரிப்பு நல்ல நிலையில்தான் இருந்தது, பசைதான் பிழை. அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பக் காப்புப் பலகையின் மேல் நேரடியாக நீர்சார் பசை பூசப்பட்டிருந்தது. அந்தப் பசை இறுகுவதற்கு அதிலுள்ள நீரை அடித்தளம் உறிஞ்ச வேண்டும். கீழே அலுமினியம், மேலே றப்பர் என்றால் நீர் எங்கே போகும்? விரிப்பைத் தூக்கியபோது நடுப்பகுதியில் பசை இன்னும் வெள்ளையாக, தயிர்போலக் கிடந்தது.

முழுவதையும் கன்டாக்ட் பசையால் (இரு பரப்பிலும் பூசி, சற்று உலரவிட்டு ஒட்டும் கரைப்பான் பசை) ஒட்டிவிடலாம் என்ற யோசனையை நிர்வாகசபை ஏற்கவில்லை. பசை அலுமினியத் தாளைப் பிடித்தாலும் தாள் பலகையிலிருந்து உரிந்தால் கூரை மறுபடி கிளம்பும். ஆகவே நனைந்த காப்புப் பலகைகளை மாற்றி, மேலே 18 மி.மீ. ஓ.எஸ்.பி.3 பலகை (மரச்சீவல்களை அழுத்திச் செய்த, ஈரலிப்பைத் தாங்கும் பலகை) விரித்து, தாங்குமரம் வரை இறங்கும் நீளத் திருகாணிகளால் முடுக்கினோம். பலகைகளுக்கிடையே 3 மி.மீ. இடைவெளி விடப்பட்டது. காப்புக்குக் கீழே நீராவித் தடுப்பு இருப்பதையும் உறுதி செய்தோம். பெரிய பானைகளில் சமைக்கும் குசினியில் அது இல்லாவிட்டால் ஆவி மேலேறிக் குளிர்ந்து, பலகையைக் கீழிருந்து நனைத்துவிடும்.

கூரை 9 மீற்றருக்கு 6 மீற்றர், 54 சதுர மீற்றர். ஓரத்தில் 150 மி.மீ. பட்டை தவிர்ந்த நடுப்பகுதி ஏறத்தாழ 50 சதுர மீற்றர். நீர்சார் பசை ஒரு லீற்றர் சுமார் 3 சதுர மீற்றருக்குப் போதும் என்பதால் 20 லீற்றர் வாங்கினோம். ஓரப்பட்டைக்கும் சுவரோடு 150 மி.மீ. மேலேறும் பகுதிக்கும் கன்டாக்ட் பசை. இரு பக்கமும் பூசுவதால் அது லீற்றருக்கு ஒன்றரைச் சதுர மீற்றர்தான் வரும். 5 லீற்றர்ப் பேணி ஒன்று போதுமாயிற்று. காற்று கூரையை மிகக் கூடுதலாக இழுப்பது ஓரங்களிலும் மூலைகளிலும். உடனே இறுகப் பிடிக்கும் பசை அங்கேதான் தேவை.

விரிப்பை விரித்து அரை மணிநேரம் சுருக்கம் தளர விட்டு, பாதியை மடித்து, பலகையில் மட்டும் நீர்சார் பசையை றோலரால் பூசி, ஈரமாக இருக்கும்போதே விரிப்பை இறக்கி, மென்மையான தும்புத்தடியால் அடியிலுள்ள காற்றை நடுவிலிருந்து வெளியே தள்ளினோம். பிறகு மற்றப் பாதி. கன்டாக்ட் பசைக்கு முறை நேர்மாறு. இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் நூல் இழுக்காது என்ற நிலை வரும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கரைப்பான் உள்ளே அகப்பட்டுக் கொப்புளம் போடும். பசை குளமாகத் தேங்கினால் விரிப்பு ஊதிச் சுருங்கும். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது, மணமும் கடுமை. எனவே பிள்ளைகள் வராத வாரநாளில், கொதிகலனை நிறுத்திவிட்டே வேலை நடந்தது. இரண்டு பசைக்கும் வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே போகக்கூடாது. பலகை உலர்ந்திருக்க வேண்டும்.

ஒரே விரிப்பு என்பதால் கூரையில் மூட்டு இல்லை. பின்னர் எங்காவது ஒட்டுப்போட நேர்ந்தால் இந்த இரண்டு பசையும் உதவா. பிறைமர் (முதற்பூச்சு) பூசி, அதற்கான 75 மி.மீ. ஒட்டுநாடாவை வைத்து உருளையால் அழுத்த வேண்டும். தார் கலந்த எதையும், எவ்வளவு நல்லெண்ணத்துடன் என்றாலும், யாரும் பூச வேண்டாம். அது றப்பரைக் கெடுத்துவிடும்.

மிஞ்சிய நீர்சார் பசை உறைந்தால் வீணாகிவிடும் என்பதால் களஞ்சிய அறைக்குள் வைக்கப்பட்டுள்ளது. இலையுதிர் காலத்தின் முடிவிலும் வசந்தத்திலும் பீலியைத் துப்புரவாக்கி ஓரங்களைப் பார்வையிட இரு தொண்டர்கள் தேவை. விருப்பமுள்ளோர் இன்றே பெயர் தரவும். செலவு விபரத்தைப் பொருளாளர் அடுத்துச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்,
நிர்வாகசபை சார்பில்