சிப் முதலில், ரேபீஸ் ஊசி அப்புறம்: செல்லப்பிராணி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

குட்டியை முதல் ரேபீஸ் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், ஊசி போடுவதற்கு முன்பே, தோலுக்கடியில் வைக்கிற அடையாளச் சிப்பான மைக்ரோசிப் பற்றிச் சொல்லிவிடுங்கள். வெளிநாடு போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ரேபீஸ் ஊசிதான் செல்லும். அதற்கு முன்னால் எத்தனை வருடம் தவறாமல் போட்டிருந்தாலும் கணக்கில் வராது, ஏனென்றால் அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு சிப்பில் இருக்கும் 15 இலக்க எண்தான் அத்தாட்சி.

என் அக்காவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது இதில்தான் மாட்டிக்கொண்டோம். நாய்க்கு வருடா வருடம் ஊசி, புத்தகம் நிறைய ஸ்டிக்கர், கையெழுத்து, எல்லாம் சரி. கிளம்பும் நேரத்தில் சிப் வைத்துவிட்டு, பழைய ஊசியை நம்பியே, ரேபீஸ் எதிர்ப்புச் சக்தி போதுமா என்று பார்க்கும் டைட்டர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். சிப் தேதி ஊசித் தேதிக்குப் பின்னால் இருப்பதைக் கிளினிக்கில் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் மறுபடி ஊசி, 30 நாள் காத்திருந்து மறுபடி ரத்தம், ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம். அக்கா விமானம் ஏறிவிட்டாள். நாய் தாம்பரத்தில் அம்மாவிடம் இருந்தது, சாயங்காலம் ஆனால் கேட் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு எழுந்திருக்காது.

அந்த 3 மாதத்தைக் குறை சொல்ல மாட்டேன். ரேபீஸ் இன்னும் ஓயாத நாடு நம்முடையது, ஊசிக்கு முன்பே கடிபட்டிருந்தால் அந்த இடைவெளியில் நோய் வெளியே தெரிய வாய்ப்பு உண்டு. ஆனால் ஒருமுறை ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு என்ற அளவை எட்டிவிட்டால், அடுத்தடுத்த ஊசியைக் கெடு தாண்டாமல் போடும்வரை டைட்டர் டெஸ்ட்டைத் திரும்ப எடுக்க வேண்டாம். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? கெடு தாண்டினால் ஊசி, ரத்தம், காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. அதனால் அடுத்த ஊசித் தேதியைப் புத்தகத்தின் மூலையில் கிறுக்காமல், வீட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் கடைசியில் சான்றிதழ் வாங்கப் போகும்போது அவர்கள் புரட்டிப் பார்ப்பது உங்கள் எழுத்தைத்தான். ஐரோப்பாவுக்கான சான்றிதழ் கொடுத்த 10 நாளுக்குள் நாய் அங்கே போய் இறங்க வேண்டும், டிக்கெட்டும் போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தால் திருத்த எங்கே ஓடுவது? பிரிட்டன், அயர்லாந்து, நார்வே போகிற நாய்க்கு நாடாப்புழு மருந்தும் உண்டு. போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், அதற்குத் தேதியோடு மணியையும் எழுதுங்கள்.

இன்னொன்று. ரத்தம் எடுக்கும் முன் ஸ்கேனரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்த சிப் சில நாய்களுக்கு முன்னங்கால் பக்கம் இறங்கியிருக்கும், அங்கேயும் தேட வேண்டும். திரையில் வரும் எண்ணை நீங்கள் வாசிக்க, நாயைக் கொண்டுவந்தவர் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கட்டும், அதற்கப்புறம் ரத்தக் குழாயின் லேபிளில் எழுதுங்கள்.