ஃபர்னஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

ஆசிரியருக்கு,

வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸ் அடிக்கடி நின்றுபோனால் அதன் மின் பிரேக்கரை ஒருதடவை அணைத்துப் போடுங்கள் என்ற யோசனை உங்கள் வாசகர் பக்கத்தில் வந்திருந்தது. அப்படிச் செய்தால் கோளாறு கண்டு ஃபர்னஸை நிறுத்திவைத்த கட்டுப்பாட்டுப் பலகையின் பூட்டு விடுபடும், கோளாறு விடுபடாது. சில மாடல்களில் பலகை காட்டிக்கொண்டிருந்த பிழைக் குறியீடும் அத்தோடு அழிந்துவிடும். பிறகு வருகிற தொழில்நுட்பர் முதலிலிருந்து தேட வேண்டும்.

ஆகவே சுவிட்சில் கைவைக்குமுன் ஃபர்னஸ் கதவிலுள்ள சிறு கண்ணாடித் துளை வழியே பாருங்கள். சின்ன விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுங்கும். அந்த மினுங்கல்தான் பிழைக் குறியீடு. எத்தனை தடவை மினுங்கி ஓய்கிறது என்று எண்ணி எழுதிய பிறகே கதவைக் கழற்றுங்கள். கழற்றினால் கதவுச் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். குறியீடுகளின் பொருள் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கம்பனிக்குக் கம்பனி அது மாறும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரரின் அட்டவணை உதவாது.

தேர்மோஸ்டற் சூடு கேட்டதும் முதலில் புகையை வெளியே தள்ளும் சிறு விசிறி சுழலும். இழுவை போதும் என்று பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொண்டால் தீமூட்டும் இக்னைட்டர் சிவக்கும், காஸ் வால்வு திறந்து தீ பற்றும். அரை நிமிடம் போலக் கழித்துப் பெரிய விசிறி வீட்டுக்குள் காற்றை அனுப்பும். இதில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தீ பற்றிச் சில விநாடிகளில் அணைந்து, இப்படி மூன்று நான்கு தடவை முயன்றுவிட்டு ஒரு மணிநேரம் போல் சும்மா கிடக்கிறதா? பெரும்பாலும் தீயை உணரும் கம்பியான ஃபிளேம் சென்சர்தான். தீயினூடாக அந்தக் கம்பிக்கு வரும் சில மைக்ரோ அம்பியர் மின்னோட்டத்தை வைத்தே தீ இருப்பதைப் பலகை அறிகிறது. கம்பியில் படலம் படிந்தால் ஓட்டம் குறையும். ஒரு மைக்ரோ அம்பியருக்குக் கீழே போனால் பல பலகைகள் தீயே இல்லை என்று முடிவுசெய்து வால்வை மூடிவிடும். மின்சாரத்தையும் காஸ் குழாயையும் அடைத்துவிட்டு, சென்சரைப் பிடித்திருக்கும் கால் அங்குலத் தலை ஸ்குரூவைக் கழற்றி, மிக மெல்லிய இரும்பு நாரால் கம்பியை மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விடும் கீறல்களில் படிவு இன்னும் விரைவாக ஏறும். வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தால் புதிதாக மாற்றுவதே வழி. அருகிலிருக்கும் இக்னைட்டரில் விரல் படக்கூடாது. தொட்டாலே உடையக்கூடிய பொருள். துடைத்த சில வாரங்களில் அதே கோளாறு திரும்பினால் எர்த் இணைப்பையும் தீ எரியும் பேர்னரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில நிமிடம் நன்றாக எரிந்து, தீ மட்டும் அணைந்து, பெரிய விசிறி ஓடிக்கொண்டே இருந்தால் விஷயம் வேறு. உள்ளே சூடு எல்லை மீறி லிமிட் சுவிட்ச் துண்டித்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் காற்றோட்டக் குறைவு. காற்றை வடிகட்டும் பில்டரை வெளியே எடுத்து ஒருமுறை மட்டும் ஓடவிடுங்கள். நிற்காமல் ஓடினால் குற்றவாளி அதுதான். ஒரு அங்குலப் பில்டரில் மேர்வ் (எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற அளவு) 8 முதல் 11 வரை போதும். ஒவ்வாமைக்கு நல்லதென்று 13 வாங்கிப் போட்டுப் பல ஃபர்னஸ்கள் மூச்சுத் திணறுகின்றன. செலவு மிச்சம் என்று ஆளில்லா அறைகளின் காற்றுத் துளைகளை மூடுவதும், பேஸ்மன்டை வாடகைக்கு அறைகளாகத் தடுக்கும்போது காற்றை உள்ளிழுக்கும் துளையைச் சுவருக்குள் மறைத்துவிடுவதும் இதே வினையைத் தரும். லிமிட் சுவிட்சைத் தவிர்த்து வயரை நேராக இணைத்துவிடச் சொல்லும் 'கைராசிக்காரர்கள்' இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சிறு விசிறி சுழன்றும் இக்னைட்டர் சிவக்காவிட்டால் வெளியே போய்ச் உயர்திறன் ஃபர்னஸ் காற்றை இழுத்துப் புகையை விடும், சுவரிலுள்ள வெள்ளை பிவிசி குழாய்களைப் பாருங்கள். பனி மூடியிருக்கும், அல்லது வாயில் உறைந்திருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால் தண்ணீர் வடியும் வழி அடைத்திருக்கலாம். உயர்திறன் ஃபர்னஸ் குளிர்நாளில் பல லீற்றர் தண்ணீர் விடும். அது தேங்கினால் பிரஷர் சுவிட்ச் ஒப்புக்கொள்ளாது.

காஸ் வால்வு, அழுத்தம், பேர்னர் ஆகியவற்றை டிஎஸ்எஸ்ஏ (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் பெற்றவர்களிடம் விடுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலோ காஸ் மணத்தாலோ ஆராய நிற்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 911 அழையுங்கள்.

ஒன்ராறியோவில் அழையாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பது 2018 மார்ச் 1 முதல் தடை. 'ஹீட் எக்ஸ்சேஞ்சர் (தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் உலோகப் பகுதி) வெடித்துவிட்டது, புதிது போடுங்கள்' என்று யாரேனும் சொன்னால் வெடிப்பின் படத்தைக் கேளுங்கள். சென்சரின் மைக்ரோ அம்பியர் எவ்வளவு, ஃபர்னஸினூடாகப் போகும் காற்றின் வெப்ப உயர்வு உள்ளே ஒட்டிய விவரத் தகட்டில் அச்சிட்ட எல்லைக்குள் இருக்கிறதா என்ற இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளந்து பார்த்தவருக்கு அதை எழுத ஒரு நிமிடம் போதும்.

இரு காஸ் தொழில்நுட்பர்கள்,
ஸ்காபரோ