பெட்டியின் மேல் சிப்பின் பெயரையும் அச்சிடுங்கள்

நெட்வொர்க் கார்டுகளையும் யூ.எஸ்.பி. துளையில் செருகும் வைஃபை டாங்கிள்களையும் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். பழைய கணினிகளைச் சீர்செய்து, லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவி, அவை தேவைப்படும் மாணவர்களிடம் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வட்டைப் பிரிப்பதிலோ மொழியைத் தேர்வதிலோ இன்று பெரும்பாலும் யாரும் தடுமாறுவதில்லை. நிறுவல் நின்றுபோகும் இடம், ஈதர்நெட் கார்டு எதுவும் கண்டறியப்படவில்லை என்று திரை அறிவிக்கும் இடம்தான். தேவையான டிரைவரின், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளின், பெயர் தெரிந்தால் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்று டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் நிறுவல் மென்பொருள் (நிறுவி) அதே திரையில் சொல்கிறது. ஆனால் பெயர் தெரிய வேண்டுமானால் கார்டில் இருக்கும் சிப் எது என்று முதலில் தெரிய வேண்டும். அதை நீங்கள் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அச்சிடுவதில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கல்லூரி மாணவி ஒருவரின் மடிக்கணினியில் உள்ளிருந்த வைஃபை பழுதாகியிருந்ததால், முன்பு எனக்கு நன்றாக வேலை செய்த ஒரு டாங்கிளின் மாதிரி எண்ணைக் கொடுத்து, அதையே வாங்கிவரச் சொன்னேன். அவரும் அதே எண்ணைப் பார்த்துத்தான் வாங்கிவந்தார். பெட்டியும் படமும் விலையும் மாறவில்லை. உள்ளே இருந்த சிப் மாறியிருந்தது. மாற்றத்துக்கான ஒரே அடையாளம், பார்கோடுக்கு அருகே பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண். செருகியதும் அது நெட்வொர்க் கார்டாகத் தோன்றாமல், விண்டோஸ் டிரைவரைச் சுமந்த ஒரு சிடி டிரைவாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அந்தப் பொய்யான சிடியை வெளியேற்றி அதன் நிலையை மாற்றிய பிறகும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் அதற்கு டிரைவர் இல்லை.

யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டிய அடையாள எண்ணைக் கைப்பேசியில் தேடி, சிப் எதுவென்று அறிந்து, டிரைவரின் மூல நிரலைக் கண்டுபிடித்தேன். அதைக் கம்பைல் செய்ய, அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாற்ற, கம்பைலரும் கர்னல் ஹெடர் கோப்புகளும் வேண்டும். அவற்றை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும். இணையத்துக்கோ அந்த டிரைவர் வேண்டும். நீர் இறைக்கும் கயிறே கிணற்றுக்குள் விழுந்துகிடந்த நிலை அது. கடைசியில் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்து, டெதரிங் வழியாக அதன் இணைப்பைப் பகிர்ந்தேன். இவ்வாறு இணைக்கும் கைப்பேசியைக் கூடுதல் டிரைவர் எதுவும் இல்லாமலே லினக்ஸ் ஒரு நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொள்ளும். (இதே சிக்கலில் நிற்பவர்கள் முதலில் முயல வேண்டிய வழி இதுதான்.) அதன் பின்னும், நம்பகமான மென்பொருளை மட்டுமே இயங்கவிடும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு ஏற்பாடு குறுக்கே நின்றது. கையொப்பமில்லாத டிரைவரை அது ஏற்காததால், ஒரு சாவியை உருவாக்கி, மறுதொடக்கத்தின்போது அதைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஒரு மாலைப் பொழுது முழுவதும் இதிலேயே போயிற்று. சில மாதங்கள் கழித்துக் கர்னல் புதுப்பிக்கப்பட்டபோது அந்த டிரைவர் கம்பைல் ஆகாமல் போகவே, அந்த மாணவி மீண்டும் இணைப்பில்லாமல் நின்றார்.

டிரைவர் கர்னலிலேயே இருந்தாலும் போதாத கார்டுகள் பல உண்டு. சிப்புக்குள் ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் அவை விழிப்பதே இல்லை. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகக் கொண்ட டெபியன், மூல நிரல் இல்லாமல் வரும் இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் கொள்கை ஆவணமான சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இன் நிறுவியில் ஃபர்ம்வேரும் சேர்ந்தே வந்தது. கொள்கையை உயிராகக் கருதும் தன்னார்வலர்கள், பயனர்களின் நலனுக்காக அவ்வளவு தூரம் இறங்கிவந்தார்கள் என்பதை நீங்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆனால் மறுவிநியோகத்துக்கு நீங்கள் அனுமதி தந்த கோப்புகளை மட்டுமே அவர்களால் சேர்க்க முடியும். பிராட்காம் நிறுவனத்தின் பழைய வைஃபை சிப்களுக்குத் தன்னார்வலர்கள் சிப்பின் செயல்பாட்டைத் தாங்களாகவே ஆராய்ந்து பி43 என்னும் டிரைவரை எழுதினார்கள். ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி இல்லாததால், நிறுவனத்தின் டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டியெடுக்கத் தனியாக ஒரு கருவியும் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் 2010 செப்டம்பரில் அதே நிறுவனம் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்கான டிரைவரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. மனம் வைத்தால் செய்யக்கூடியதே என்பதற்கு அதுவே சான்று.

லினக்ஸ் பயனர்கள் மிகச் சிலரே என்று நீங்கள் சொல்லக்கூடும். வீடுகளில் இருக்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. ரூட்டர் தயாரிப்பாளர்களுக்கு வைஃபை சிப்களை விற்கும் நிறுவனங்கள் லினக்ஸ் டிரைவரையும் எழுதித்தான் கொடுக்கின்றன. ஆகவே இது உங்களுக்குத் தெரியாத வேலை அன்று.

சிப்பின் பெயரையும் அதன் அடையாள எண்ணையும் பெட்டியின் வெளிப்புறத்தில் படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள். சிப்பை மாற்றினால் மாதிரி எண்ணையும் மாற்றுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது மைதான். டிரைவரை உங்கள் இணையதளத்தில் ஒரு ஜிப் (zip) கோப்பாகப் போட்டுவிட்டு மறந்துவிடாமல் கர்னலிலேயே சேர்ப்பியுங்கள். அங்கே சேர்ந்துவிட்டால் கர்னல் மாறும்போதெல்லாம் அதுவும் உடன் திருத்தப்படும். ஃபர்ம்வேரின் மூல நிரலை இந்த மடலில் நான் கேட்கவில்லை. அதைப் பகிரும் அனுமதியை மட்டும், பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவி இன்று வேறொரு டாங்கிளைப் பயன்படுத்துகிறார். பழைய டாங்கிள் அதன் பெட்டியோடு என்னிடம் இருக்கிறது. அடுத்தவருக்கு அதைக் கொடுக்கும் முன், சிப்பின் பெயரைப் பேனாவால் அதன் மேல் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லினக்ஸ் நிறுவ உதவும் ஒரு தன்னார்வலர்