சூளைப் படங்களும் ஒரு சண்டையும்

டேய் முத்து,

மூட்டு வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு பிளஸ் டூ பரீட்சை, அதனால் வீட்டில் டிவிக்குத் தடை, எனக்கும் சேர்த்து. மணி இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் சுற்றுகிறான், இன்னும் அதைப் புது வண்டி என்றுதான் சொல்கிறான். சரி, அது போகட்டும். இப்போது சொல்லப் போவதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் நடத்துகிற டிரஸ்ட் ஒன்றுக்குக் காசு வாங்காமல் படம் எடுத்துத் தருகிறேன் என்றேனே, அங்கேதான் சண்டை. பேர் வேண்டாம். செயலாளர் நல்ல மனுஷன், வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், சொந்தப் பென்ஷனிலிருந்து சிலேட்டு வாங்கிக் கொடுக்கிறவர். கெட்டவனாக இருந்திருந்தால் அன்றைக்கே காமிராவின் மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வந்திருப்பேன். நல்லவரோடு சண்டை போடுவதுதான்டா பெரிய ரோதனை.

சில்லறைத் தகராறுகளில் நான் முரண்டு பிடிக்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறங்காவலர் ஒருவர் நடுவில் நின்று நோட்டுப் புத்தகம் கொடுக்கிற மாதிரி படம் வேண்டும் என்றார்கள். கல்யாண மேடையில் மொய்க் கவரை நீட்டியபடி காமிராவைப் பார்க்கிற மாமாக்களை இத்தனை வருஷமாக எடுக்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? எடுத்தேன், பொன்னாடை சகிதம். கலர் இன்னும் பளிச்சென்று வேண்டும் என்றார்கள், ஏற்றிக் கொடுத்தேன். லோகோவைப் பிள்ளையின் நெற்றியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னேன், இறக்கினார்கள். என் பேர் போடவில்லை, கேட்கவும் இல்லை. அவர்கள் நோட்டீஸ், அவர்களுக்குத் தெரிந்த சனங்கள், அதில் நான் என்ன ரசனை வகுப்பு எடுக்க முடியும்?

ஆனால் ஒரு படம். எட்டு, ஒன்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தம்பிக்குத் தலை வாரிவிடுகிறாள். அவன் திமிறுகிறான், இவள் ஒரு கையால் அவன் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் வந்து நிற்கிற என்னை எரிச்சலோடு முறைக்கிறாள். பின்னால் இன்னும் சுடாத பச்சைச் செங்கல் அடுக்கு, ஓரத்தில் டீச்சர் சிலேட்டை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நோட்டீஸில் வந்தது என்ன தெரியுமா? தம்பியை வெட்டிவிட்டார்கள். டீச்சரை வெட்டிவிட்டார்கள். கறுப்பு வெள்ளையாக்கி, ஓரமெல்லாம் இருட்டடித்து, அந்த முகம் மட்டும். கீழே ‘உங்கள் 500 ரூபாயில் இவள் பசி தீரும்’. தம்பி மேல் இருந்த கோபம் பசியாகிவிட்டது. எல்லாம் உன் ஜாதி, டிசைனர் ஜாதி! காலேஜ் மலரில் பிரின்சிபாலின் பாதித் தலையை வெட்டியவன்தானே நீ, உனக்கு இது உறைக்காது.

செயலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் பதற்றமே இல்லாமல், ‘தம்பி, நல்லா இருக்கிற பிள்ளைக்கு எவன் காசு தருவான்?’ என்றார். நன்கொடை தருகிறவர்களில் பாதிப் பேர் வருமான வரிச் சலுகை ரசீதுக்காக மார்ச்சில்தான் வருவார்களாம். அந்த ஒரு மாதத்தில் விட்டால் இரண்டு டீச்சர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் கிடையாதாம். அவர் சொல்வதைப் பொய் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2009-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் இதையே ஆராய்ச்சி செய்து, நன்கொடை விளம்பரத்தில் சிரிக்கிற முகத்தைவிட சோக முகத்துக்குத்தான் அதிகம் விழுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. பெட்டியை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

அதோடு போயிருந்தால் முணுமுணுத்துக்கொண்டு விட்டிருப்பேன். ஆனால் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி சூளை மேஸ்திரி போனுக்கே வந்துவிட்டது. அவர் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் காட்டி, எழுதியிருந்ததைப் படித்தும் சொல்லியிருக்கிறார். ஒடிசாக்காரர், கல் அறுக்கிறவர், தமிழ் கொஞ்சம்தான் வரும். அடுத்த தடவை நான் போனபோது டீச்சரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். சத்தம் போடவில்லை. ‘என் பிள்ளைக்கு நான் சோறு போடுவதில்லை என்று யார் உங்களிடம் சொன்னது?’

அந்தக் கேள்விக்கு முன்னால் என் கலை, செயலாளரின் வசூல் இரண்டுமே அற்பமாகத் தெரிந்தது முத்து. விடியற்காலையில் எழுந்து குடும்பமே மண் மிதித்து, அச்சில் அடித்து, வெயிலில் காயவைத்து, எண்ணிக் கூலி வாங்குகிறது. பிள்ளைகளுக்குப் படிப்பு இல்லை, அது உண்மை. முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து அதைக் கழிக்கவே பருவம் முடிந்துவிடுகிறது, அதுவும் உண்மை. அதையெல்லாம் நோட்டீஸில் சொல்லவில்லை. அந்த அப்பா சோறு போடவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன் மச்சான் வக்கீலிடம் பேசினேன். (கட்டணம் கேட்கவில்லை, உடம்பு சரியில்லையோ என்னவோ.) சிரிப்பு வருகிற சட்டம்டா. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவர்தான் முதல் உரிமையாளர். காசு வாங்காமல் எடுத்தால் எடுத்தவனே உரிமையாளன். ஆக எனக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் படம் அவர்களுடையதாகியிருக்கும், ஓசியில் எடுத்ததால் என்னுடையது! உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும்கூட, என் பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி படத்தைச் சிதைத்தால் 57-வது பிரிவில் கேட்கலாமாம். நோட்டீஸ் அனுப்பட்டுமா என்றார் மச்சான், குஷியாக. பென்ஷன் வாத்தியாருக்கு வக்கீல் நோட்டீஸா? வேண்டாம் என்றேன். அதுவும் போக, சட்டத்தில் எனக்கு இடம் இருக்கிறது, செயலாளருக்கு இடம் இருக்கிறது, அந்த அப்பா எங்கேயும் வரவில்லை பார்.

அமெரிக்கப் போட்டோகிராபர் டோரதியா லாங்கின் அந்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம், 1936, நம் ஹாஸ்டல் சுவரில் நீ ஒட்டிவைத்திருந்தாயே, அதைப் பற்றி மறுபடி தேடிப் படித்தேன். பத்திரிகையில் அந்த வரிசைப் படங்கள் வந்ததும் படம் எடுத்த கலிபோர்னியா கூலித் தொழிலாளர் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. படம் வேலை செய்தது. ஆனால் உணவு வந்து சேர்வதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. நாற்பது வருஷம் கழித்து 1978-ல் அந்த அம்மா, புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், தன்னைப் படம் எடுக்காமலே இருந்திருக்கலாம், பேரைக்கூடக் கேட்கவில்லை என்று குறைப்பட்டிருக்கிறார். அரசுக்காகப் படம் எடுக்கிற அந்த வேலைக்கு லாங்கை வைத்த ரோய் ஸ்ட்ரைக்கர் இன்னும் மோசம், பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்ச் போட்டு ஓட்டையே போட்டுவிடுவாராம். நம் வாத்தியார் கிராப்தானே செய்தார் என்று அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

செயலாளரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். டீச்சரையும் கூப்பிடச் சொன்னேன், அதுதான் நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் நாங்கள் இருவரும் இரண்டு டீ குடித்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர்தான், ‘சார், அந்தப் படத்துல என்னை ஏன் வெட்டினீங்க? காசு எனக்குச் சம்பளம் குடுக்கத்தானே கேக்குறீங்க?’ என்றார். செயலாளர் வாயைத் திறக்கவில்லை. முழுப் படம், தம்பியும் டீச்சருமாக, கலரில். ‘இந்த டீச்சரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு உங்கள் பங்கைக் கொடுங்கள்’ என்று எழுதலாம் என்று முடிவானது. நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன், சின்னத் தாள்தான். அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம், ஆளை வெட்டக் கூடாது. கலரை எடுக்கக் கூடாது. படத்துக்குக் கீழே எழுதுவதை அச்சுக்கு முன்னால் டீச்சரிடம் காட்ட வேண்டும். பெற்றோர் வேண்டாம் என்றால் அந்தப் படம் எல்லா இடத்திலிருந்தும் போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பதிலுக்கு அவர் எழுதச் சொன்னது: கேட்கும்போதெல்லாம் நான் வர வேண்டும், வசூல் குறைந்தால் முதல் நன்கொடை என்னுடையது. போட்டேன் கையெழுத்து.

வசூல் குறையத்தான் போகிறது என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கு என் தலையில் விடியும், வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நீயும் வாயை விட்டுவிடாதே.

பழைய நோட்டீஸ் போன போன்களிலிருந்தெல்லாம் அதை இனி யாரும் எடுக்க முடியாது. அதை அந்த அப்பாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். மன்னித்தாரா, வேலை இருக்கிறது போ என்றாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது உன்னிடம் இரண்டு வேலை. உன் ஆபீஸில் புவனேஸ்வரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவரைக் கொண்டு, பிள்ளைகள் படத்தைப் போடப் பெற்றோரிடம் வாங்குகிற சம்மதத் தாளை ஒடியாவில் எழுதி வாங்கு, எளிமையாக, வாசித்துக் காட்டினால் புரிகிற மாதிரி. இரண்டாவது, புது நோட்டீஸை நீயே லேஅவுட் செய்து கொடு. காசு கிடையாது, டீ உண்டு. மழைக்கு முன்னால் சூளையை மூடிவிடுவார்கள், குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிடும், அதற்குள் தாள் கையில் வேண்டும். யார் தலையையாவது வெட்டினாயோ, ஸ்கூட்டரோடு மணியை அங்கே அனுப்பிவைப்பேன்.

ராத்திரி பத்துக்கு மேல் போன் பண்ணு, அதற்கு முன்னால் பெரியவள் படிக்கிறாள்.

பாலா