அண்ணாச்சி, 80-ஆம் பக்கத்துல இருந்த என் ஏழு வரி எங்க?

மதிப்பிற்குரிய பதிப்பாளர் அண்ணாச்சிக்கு வணக்கம். போன் எடுக்க மாட்டேங்கீங்க, வாட்ஸ்அப்ல ரெண்டு நீல டிக் மட்டும் விழுது, அதான் நாலு பேர் பாக்க எழுதவேண்டியதாப் போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

என் கவிதைப் புத்தகத்த நீங்க அச்சடிச்சப்ப நடந்தது உங்களுக்கே தெரியும். டெம்மி சைஸ், ஒரு ஃபாரத்துக்கு, அதாவது சேத்து அடிச்சு மடிக்கற ஒரு பெரிய தாளுக்கு, 16 பக்கம், அஞ்சு ஃபாரம் 80 பக்கம், ஒரு பக்கம் கூடினாலும் செலவு ஏறிரும் தம்பின்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. அதுக்காக ரெண்டு கவிதைய நானே எடுத்துட்டேன். நீங்க அனுப்புன ப்ரூஃப்ல 'கிணறு' கவிதையோட கடைசி ஏழு வரி 80-ஆம் பக்கத்துல ஒழுங்காத்தான் இருந்துச்சு, நானும் ஓகே சொன்னேன். புக்கு வந்து பிரிச்சா அந்தப் பக்கத்துல உங்க பதிப்பக விலைப்பட்டியல்! இயற்கை மருத்துவம் 120 ரூபா, வாஸ்து 90 ரூபா.

ஆச்சி வாளிய கிணத்துக்குள்ள விடுறதுதான் அண்ணாச்சி அந்தக் கவிதை. அந்த ஏழு வரிலதான் வாளி தண்ணியத் தொடும். இப்ப அது 79-ஆம் பக்கத்துல அந்தரத்துல தொங்கிட்டு இருக்கு. அதப் படிச்சிட்டு ஒரு நண்பர் "என்ன ஒரு திறந்த முடிவு, பின்நவீனத்துவம்யா"ன்னு ஃபேஸ்புக்ல பாராட்டி எழுதுனாரு, நான் அதுக்கு லைக் போடுறதா அழுறதா.

ஜவுளிக்கடைல பில் போட்டுக்கிட்டே பில் ரோலுக்குப் பின்னாடி ஆறு வருசமா எழுதுன கவிதைங்க. சீட்டு எடுத்து 28,000 ரூபா கட்டுனேன். 300 பிரதின்னீங்க, எனக்கு வந்தது 40. என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான், அந்த ஏழு வரியப் போட்டுக் குடுங்க.

கேட்டா, "சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையச் சுமந்து காலேஜ் காலேஜா வித்தாரு, கவிஞன்னா அப்படி இருக்கணும்"ங்கீங்க. 1959-ல 'எழுத்து' பத்திரிகைய ஆரம்பிச்ச அவர் பதிப்பாளரும்தான அண்ணாச்சி, 1962-ல அவர் போட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பே பல பேரோட கவிதைதான். அந்தக் கணக்குப்படி மூட்டை உங்க தோள்லல்லா இருக்கணும்?

கவிதை விக்காதுங்கீங்க, சரி, ஆனா கவிஞன்கிட்ட மட்டும் நல்லாவே விக்குது போல. ஐஎஸ்பிஎன்ங்கற புத்தக அடையாள நம்பருக்குன்னு தனியா 1,500 வாங்குனீங்க, அது நம்ம நாட்டுல அரசாங்கம் காசில்லாமக் குடுக்கறதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. சென்னை புத்தகக் காட்சில உங்க ஸ்டாலுக்கு வந்து பாத்தேன், வாசல்ல 'புதிய குரல்களை வரவேற்கிறோம்'னு ஃபிளெக்ஸ், என் புக்கு சமையல் புக்கு அடுக்குக்குப் பின்னாடி கிடந்துச்சு, நானே எடுத்து முன்னாடி வச்சிட்டு வந்தேன்.

சரி விடுங்க, எதையோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். முழுசா மறுபடி அடிக்கச் சொல்லல. உங்ககிட்ட இருக்கற 260 பிரதிய இப்படியே நூலகத்துக்கோ கடைக்கோ அனுப்பாம, அந்த ஏழு வரிய ஒரு தாள்ல தனியா அடிச்சு 79-க்கு அடுத்து ஒட்டிக் குடுத்தாலே போதும். தயவுசெஞ்சு.

என்கிட்ட இருக்கற 40-லயும் விலைப்பட்டியலுக்கு மேல வெள்ளத்தாள் ஒட்டி ராத்திரி உக்காந்து பேனாவால எழுதிட்டு இருக்கேன். 31-வது பிரதில கை தானா ஒரு வார்த்தைய மாத்திருச்சு, 'விழுந்தது'ன்னு இருந்தத 'சேர்ந்தது'ன்னு. படிச்சுப் பாத்தா அதுதான் நல்லா இருக்கு. தாள் அடிக்கும்போது அதையே போட்டுருங்க அண்ணாச்சி.